பன்னிரண்டு ரிப்பன்

அத்தியாயம் 11

பெற்ற மகளுக்குக் குரல் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று எந்தத் தாயாவது நினைப்பாளா? நம் தையல்காரி நினைத்தாள். காலை ஆறரை மணிக்கு, குளியலறைக் கதவுக்கு வெளியே, ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, காதை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே பெரியவள் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினாள். ஒரு முறை கனைத்தாள். பிறகு, தெரியாத வீட்டு மாடிப்படியில் இருட்டில் கால் வைப்பதுபோல, ஒரு ஸ்வரத்தை எடுத்தாள். அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஐந்தாவதில்தான் போன மாதம் குரல் உடைந்தது. இன்று உடையவில்லை. சுத்தமாக மேலே போய், அங்கே நின்று, சாவகாசமாக இறங்கி வந்தது.

தையல்காரி ஈரத் துணியைக் கொடியில் போடாமலே சமையலறைக்குப் போனாள்.

இடையில் ஒரு வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரியவளுக்கு அடுத்த மாதம் பத்தொன்பது முடிகிறது. இளையோர் நாடகக் குழுவில் பத்தொன்பது முடிந்தவர்களுக்கு இடமில்லை. ஏழு வருஷம் அங்கே குப்பை கொட்டியவள். நான்கு வருஷம் கூட்டத்தில் ஒருத்தி, ஒரு வருஷம் தோழி, ஒரு வருஷம் கால் சுளுக்கிக்கொண்டு திரை இழுத்தாள். ஏழாவது வருஷம், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தப் பாட்டு நாடகத்தில், கதாநாயகி வேஷமே அவளுக்கு வந்தது. வந்த கையோடு தொண்டை போனது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நாளும் ஒத்திகையில் அவள் இடத்தில் நின்று பாடியவள் அவளுடைய தங்கை. பதினாறு வயசு. கூட்டத்தில் பின்வரிசை.

"கடைசி ஒத்திகைக்குள்ள குரல் வந்துட்டா வேஷம் உனக்குத்தான்" என்று இயக்குநர் பெரியவளிடம் சொல்லியிருந்தார். கடைசி ஒத்திகை இன்று. நாடகம் நாளை மாலை நான்கு மணிக்கு.

ஊருக்கெல்லாம் தெரிந்தது இவ்வளவு. தையல்காரிக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று உண்டு. குழுவின் உடுப்புகளை எல்லாம் தைப்பவள் அவள்தான். கடைசிக் காட்சியில் கதாநாயகி போட்டுக்கொண்டு வரும் மஞ்சள் சாட்டின் கவுனை அவள் சின்னவளின் அளவுக்கு வெட்டித் தைத்து முடித்துவிட்டாள். யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல்.

அது நடந்தது திங்கட்கிழமை. துணிப் பையோடு அரங்கத்துக்குள் நுழைந்தபோது சின்னவள் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். செட்டுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். விளக்குப் போடுகிறவன் ஏணியில் பாதியில் நின்றான். தையல்காரிக்கும் உடம்பு சிலிர்த்தது. இந்தச் சிலிர்ப்பு பெரியவள் பாடி ஒருநாளும் வந்ததில்லை. அதை நினைத்ததுமே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள், வெட்கப்பட்டுக்கொண்டே கத்தரியை எடுத்தாள்.

குளியலறையிலிருந்து பெரியவள் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து நாளாக அவள் எழுதி எழுதிக் காட்டிய நோட்டு ஓரமாகக் கிடந்தது. அதை மூடித் தள்ளினாள்.

"அம்மா."

பத்து நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"வந்துருச்சா?" என்றாள் தையல்காரி. சந்தோஷமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"வந்துருச்சு. கவுன் ரெடியா?"

"ரெடிதான்."

"உள்ள துணி விட்டிருக்க இல்ல? பத்து நாளா சும்மா உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தேன். இடுப்புல ஒரு சுத்து கூடிருக்கும்."

"அங்க போய்ப் பாத்துக்கலாம்."

அங்கேயே, அந்த மேசையிலேயே சொல்லியிருக்கலாம். மகள் எதிரே இருக்கிறாள், சின்னவள் குளிக்கப் போயிருக்கிறாள், அப்பாவுக்கு இந்த வாரம் வெளியூர் வேலை. இதைவிடத் தோதான நேரம் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? தையல்காரி மென்று விழுங்கினாள். ஒரு தட்டை இரண்டு முறை கழுவினாள்.

அரங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, அது பூப்பந்து ஆடுகிற கூடம். தரையில் இன்னும் வெள்ளைக் கோடுகள் உண்டு. ஒரு கோடியில் மேடை, மேடைக்குப் பக்கத்தில் படிக்கட்டுக்கு அடியில் உடுப்பு அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும் அந்த அறையில்தான் தையல்காரியின் இயந்திரம், இரும்புக் கம்பியில் வரிசையாக உடுப்புகள், ஒவ்வொன்றிலும் காகிதச் சீட்டு. மஞ்சள் கவுனில் மட்டும் சீட்டு இல்லை. யார் பெயரை எழுதுவது என்று ஒத்திப்போட்டிருந்தாள்.

கூட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டார்கள். சின்னவளும் அதில் ஒருத்தி. மஞ்சள் சாட்டின் ரிப்பன், எல்லாம் ஒரே அகலம், ஓரம் மடித்துத் தைத்தது.

பெரியவள் அங்கே வந்து நின்று, முன்னால் இருந்த ஒருத்தியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்கே. என் கவுன் துணிதானே இது?"

"மிஞ்சினது" என்றாள் தையல்காரி. வாயில் மூன்று குண்டூசி இருந்ததால் அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை.

"அந்தத் துணி கடைசித் துண்டுன்னு சொன்னியே. இவ்வளவா மிஞ்சிச்சு?"

அதற்குள் விசில் அடித்தது. இயக்குநர் எதற்கும் வாயால் கூப்பிடமாட்டார். கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் விசில்தான். அது அவருக்கும் தெரியும்.

பெரியவளைப் பியானோ பக்கத்தில் நிற்கவைத்து, மேலே போகும் அந்த ஒரு பாட்டை மட்டும் பாடச் சொன்னார். பாடினாள். ஐந்தாவதைத் தாண்டினாள், ஏழாவதைத் தாண்டினாள், கடைசி வரியை இழுத்துப் பிடித்து முடித்தாள். விசில் தலையாட்டினார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். வேஷம் உன்னுது. போய் உடுப்பு மாத்திக்கிட்டு வா. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நிறுத்தாம ஒரு ஓட்டம் பாத்துடலாம்."

முதலில் கை தட்டியது சின்னவள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியதும் அவள்தான். தையல்காரி உடுப்பு அறைக்குத் திரும்பினாள்.

கடைசிக் காட்சி வரைக்கும் சீருடை. அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. "கவுனையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்" என்று பெரியவள் உடுப்பு அறைக்குள் வந்தாள். தையல்காரி கம்பியிலிருந்து கவுனை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலையே இல்லாத ஒரு பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தாள்.

கவுன் தலை வழியாக இறங்கியது. தோளில் இழுத்தது. இடுப்பில் பிடித்தது. "ஜிப் போடு" என்று பெரியவள் முதுகைக் காட்டினாள். ஜிப் பாதி முதுகு வரை ஏறி நின்றுவிட்டது. இரண்டு பக்கத் துணிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி.

"மூச்சை இழு."

"இழுத்துட்டேன்."

பெரியவள் கவுனைக் கழற்றி, சீருடையை மாட்டிக்கொண்டு, கவுனை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, பக்கத் தையலை விளக்குக்குக் கீழே பிடித்தாள். தையல் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை. துணி என்ன சொல்கிறது என்று அவளுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். மடிப்பு இல்லை. தையலுக்கு ஒட்டினாற்போல் வெட்டி, ஓரம் அடித்திருந்தது.

"வெட்டிட்ட."

"மெல்லிசு துணிடா. உள்ள மடிச்சு விட்டா விளக்கு வெளிச்சத்துல தடிமனா தெரியும். அதான்..."

"அதனால ரெண்டு பக்கமும் சேத்து இவ்வளவு குறைப்பியா?"

சப்பைக்கட்டு அத்தோடு முடிந்தது.

அந்த நேரம் பார்த்து விசில் தலையை நீட்டினார். "என்னக்கா, லேட் ஆகுது." கவுனைப் பார்த்தார், வெட்டிய ஓரத்தைப் பார்க்கவில்லை, பெரியவளின் முகத்தைப் பார்த்தார். "சரியா வரலையா? பிரிச்சு விட்டுருங்களேன். அதுக்குத்தானே திங்கக்கிழமை அவ்வளவு சொன்னேன். நூல் ஓட்டி மட்டும் வைங்க, கத்தரி வைக்காதீங்க, யாருன்னு வெள்ளிக்கிழமைதான் தெரியும்னு."

தையல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"வெட்டிட்டாங்க சார்" என்றாள் பெரியவள். "நீங்க போங்க. அஞ்சு நிமிஷத்துல வரேன்."

அவர் போனார். சங்கடமான இடத்தில் ஒரு நொடி கூட நிற்காத மனிதர்.

"நான் சார்தான் சொன்னாருன்னு நினைச்சேன்" என்றாள் பெரியவள் மெதுவாக. "ரிப்பனைப் பாத்தப்பவே நினைச்சேன். சாருக்கு அவதான் பிடிச்சிருக்கு போல, அம்மா பாவம், என்கிட்ட சொல்ல முடியாம முழிக்குதுன்னு."

"கேளு. அந்த ரிப்பனை எல்லாம் வாங்கி, பக்கவாட்டுல பட்டியா வெச்சுத் தெச்சுத் தந்துடறேன். ஒரு மணி நேர வேலை."

"பன்னிரண்டு பேர் தலையிலேர்ந்து அவுக்கப் போறியா? என்னன்னு சொல்லிக் கேப்ப?"

பெரியவள் கவுனை எடுத்துக்கொண்டாள்.

"ஊக்கு இருக்கா?"

இருந்தது. பெரியவள் திரும்பி நின்றாள். கவுனை மறுபடி போட்டு, பாதி ஜிப்புக்கு மேலே, துணிக்கும் துணிக்கும் நடுவே ஊக்கோடு ஊக்கைக் கோத்துச் சங்கிலி போல இழுத்துப் பிடித்தாள் தையல்காரி. ஒன்பது ஊக்கு. ஒன்று தவறி முதுகில் குத்தியது. பெரியவள் அசையவில்லை.

"கடைசிக் காட்சிக்கு இப்படியே குத்திவிடு. முதுகைக் காட்டாம ஆடிக்கறேன்."

ஒத்திகை ஆரம்பித்தது. மூன்றரை மணி நேரம். தையல்காரி மேடை ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சீருடையில் பெரியவள் நன்றாகத்தான் நடித்தாள். ஒரு வசனம் தப்பவில்லை. ஏழு வருஷம் எல்லாருடைய வேஷத்தையும் பார்த்துப் பார்த்து எங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று கற்றவள். கூட இருக்கிறவர்கள் தடுமாறினால் தாங்கிப் பிடித்தாள். வசனத்தை மறந்த பையனுக்கு அவனுடைய வரியையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டு எடுத்துக் கொடுத்தாள்.

கடைசிக் காட்சிக்கு மஞ்சள் கவுனில் வந்தாள். கூட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் சுற்றி ஆட, நடுவில் நின்று பாட வேண்டும், சுழல வேண்டும். சுழலவில்லை. சுழல வேண்டிய இடத்தில் எல்லாம் கையை விரித்துப் பக்கவாட்டில் நகர்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அழகான அசைவாகத் தெரிந்திருக்கும். ஓரத்தில் இருந்த தையல்காரிக்கு முதுகுதான் தெரிந்தது. ஒன்பது ஊக்கும், நடுவே மகளின் உள்ளாடைப் பட்டியும், குத்தின இடத்தில் ஒரு பொட்டுச் சிவப்பும். பாட்டு முழுக்க அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஒரே ஒரு முறை தச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மரியாதை தெரிந்தவர். பாட்டுக்கு இடைஞ்சல் வராதபடி சுத்தியலில் துணியைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் திங்கட்கிழமை போல அதைக் கீழே வைக்கவில்லை.

ஆக, தையல்காரி நினைத்தது சரிதான். சரியாக இருந்து என்ன புண்ணியம்? அது தப்பாகப் போயிருந்தால் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பாட்டு முடிந்தது. விசில் ஊதி, "ஒரு மணி நேரம் சாப்பாடு" என்றார். பெரியவள் பின்பக்கமாகவே நடந்து மேடை ஓரத்துக்கு வந்தாள். யாருக்கும் முதுகு தெரியாமல். அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப ரெண்டு பேரையும் பாத்துட்ட. சொல்லு. யாரு?"

"எதுக்குடா இப்ப அதெல்லாம்..."

"சொல்லும்மா. வெட்டத் தெரிஞ்சுது இல்ல, சொல்லத் தெரியாதா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தைதான், நீதான் என்று சொல்லிவிட்டால் போதும். பெரியவளின் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. இந்தப் பிள்ளையிடம் இனி ஒரு பொய்யும் செல்லாது.

"சின்னவ" என்றாள் தையல்காரி.

பெரியவள் தலையாட்டினாள். அழவில்லை.

"எனக்கும் தெரியும். பத்து நாளா நான் பேசலை, காது கேட்டுச்சு. வீட்டுல அவ பாடிப் பாக்கும்போது கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." நிறுத்தினாள். "திங்கக்கிழமையே சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்திருப்பேன். உன்னோட ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதான். நீ என்ன பண்ண? குரல் வரக்கூடாதுன்னு உக்காந்திருந்த."

"அப்படியெல்லாம் இல்ல."

"காலையில கதவுக்கு வெளிய நீ நின்னது தெரியும். வந்துருச்சான்னு கேட்டப்ப உன் மூஞ்சியையும் பாத்தேன்." குரல் ஏறவே இல்லை, அதுதான் கொடுமை. "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சட்டை தெச்சா, வளருவாங்கன்னு ரெண்டு விரல் துணி விடற. எனக்கு ஒரு விரல் விடலை நீ."

தையல்காரி கையை நீட்டினாள். பெரியவள் ஓரடி பின்னால் போனாள்.

சின்னவள் அங்கே எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ரிப்பனை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"எனக்கு அளவு எடுக்கறப்ப என்ன சொன்னம்மா?"

"நீ சும்மா இரு."

"அக்கா தூங்கறா, எழுப்ப வேணாம், நீ கொஞ்சம் நில்லு, உன் மேல வெச்சுப் பாத்துட்டு அக்காவுக்குக் கூட்டிக்கறேன்னு சொன்ன. நானும் மரம் மாதிரி நின்னேன். ஊசி குத்தினப்பகூடப் பொறுத்துக்கிட்டேன், அக்காவுக்குன்னு." சின்னவள் ரிப்பனை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "எனக்குத் தெரியாதுன்னு இப்ப யாரு நம்புவா? நான்தான் கேட்டு வாங்கின மாதிரி இருக்கு."

"உனக்காகத்தான்டி..."

"நான் கேட்டேனா?"

தையல்காரி இருபது வருஷமாக ஊர் முழுக்க அளவெடுத்தவள். ஒரு பிள்ளைக்குக் குறைத்து, இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால், வாங்கிக்கொள்கிறவளுக்கும் அது இறுக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வா போலாம்" என்றாள்.

சின்னவள் தன் நீளக் கை ஸ்வெட்டரைக் கழற்றி அக்காவின் முதுகில் போர்த்தினாள், ஊக்கு தெரியாதபடி. கழுத்துக்குக் கீழே கைகளை முடிச்சுப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள்.

தையல்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இருங்க, நானும் வரேன்."

பெரியவள் நின்றாள். திரும்பவில்லை.

"உனக்கு வேலை கிடக்கேம்மா. பசங்க பேன்ட்டுக்கு எல்லாம் கீழ் மடிப்பு அடிக்கணும்னு சொன்னியே. முடிச்சுட்டு வா."

கோபமாகச் சொன்னால் பின்னாலேயே ஓடியிருப்பாள். வேலைக்காரியிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னதால் கால் நகரவில்லை. பின்பக்கக் கதவு திறந்து மூடியது. சாளரம் வழியாகப் பார்த்தபோது தெருவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனையோ நாள் சீப்புக்கும் ஜன்னல் சீட்டுக்கும் அடித்துக்கொண்ட பிள்ளைகள், அவள் ஒரு நிமிஷம் முன்னால் வரை தராசில் இரண்டு தட்டாக நிறுத்துப் பார்த்த பிள்ளைகள், இப்போது ஒரே பக்கம் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை.

இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஒரு பேன்ட்டை எடுத்து மடித்தாள். கண் தெரியவில்லை. அழுகிறோம் என்பது துணியில் சொட்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து விசில் ஊதியது. பிள்ளைகள் கூடத்துக்குள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் குறைந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கடைசிக் காட்சியை மறுபடி போட வேண்டும் என்று இயக்குநர் ஆளைத் தேடிக்கொண்டு உடுப்பு அறைக்குள் குனிந்து வந்தார். கம்பியைப் பார்த்தார். மஞ்சள் கவுன் தொங்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அக்கா, கவுன் எங்க?"

"பெரியவ போட்டுக்கிட்டே போயிட்டா."

"போயிட்டாளா? சின்னவ?"

"அவளும்தான்."

விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், ஊதாமல் கீழே விட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு முந்நூறு பேர் வந்து உக்காருவாங்க. யாருதான் நடிக்கறா?"

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குவாங்க சார்" என்றாள். "என்னைக் கேக்க மாட்டாங்க."